வேட்டியும் விளக்கும் கொஞ்சம் அந்துப்பூச்சிகளும்

பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறேன் என்றால் ஊரில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்துப்பூச்சி பார்க்கிறேன் என்றால்தான் முகம் ஒரு மாதிரி போகும். "அரிசி டப்பாவுல வருமே, அதையா?" ஆமாம், அதையும்தான். அரிசியிலும் ரவையிலும் நூல் பின்னிக்கொண்டு கிடக்கிற புழு வளர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சியாகும், அதற்கு கார்சைரா செஃபலோனிகா என்று பெயர். கரும்பு விவசாயிகளுக்குத் துளைப்பான் பூச்சியை ஒழிக்க டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவியை முட்டை அட்டையாக விற்கிறார்கள் இல்லையா, அந்த அட்டையில் ஒட்டியிருப்பது இந்த அரிசி அந்துப்பூச்சியின் முட்டைதான், குளவி அதற்குள் வளரும். அம்மா சலித்துக் கொட்டுகிற அதே பூச்சியை ஆய்வகத்தில் கம்பும் சோளமும் போட்டு வளர்க்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது பெரிய உற்சாகம் எதுவும் காட்டவில்லை என்பது வேறு விஷயம்.

உலகத்தில் பட்டாம்பூச்சி வகைகள் 18,000 பக்கம். அந்துப்பூச்சிகள் 1,60,000 பக்கம். இந்தியாவில் மட்டும் 10,000-க்கு மேல். பட்டாம்பூச்சி பார்க்கிற நண்பர்கள் கொஞ்ச வருடத்தில் தங்கள் ஊர்ப் பட்டியலை ஓரளவு முடித்துவிடுகிறார்கள், அப்புறம் புதிதாக ஒன்று பார்க்க வால்பாறைக்கோ அருணாச்சலப் பிரதேசத்துக்கோ டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் செலவு இந்த ஜென்மத்தில் வராது. வீட்டுப் பின்பக்கச் சுவரே இன்னும் முடியவில்லை.

அந்தச் சுவரில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கம். குளியலறை வீட்டோடு சேராமல் பின்னால் தனியாக இருக்கும், சுண்ணாம்பு அடித்த சுவர், வாசலில் ஒரு பழைய டியூப்லைட். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அங்கே பல்லிகளுக்குப் பந்தி நடக்கும். பல வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்திருக்கிறேன், அதில் உட்கார்ந்திருப்பதெல்லாம் எனக்கு 'பூச்சி', அவ்வளவுதான். ஒருநாள் சும்மா ஒன்றைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். வெள்ளை இறக்கை, அதில் சிவப்பும் கறுப்புமாக வரிசை வரிசையாகப் புள்ளி, யாரோ பொறுமையாகக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. இவ்வளவு மெனக்கெட்டு இருக்கிற ஒன்றுக்குப் பெயர் இல்லாமலா இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். யூடெதீசா என்ற பேரினம் என்று தெரிய சில நாள் ஆனது. பெயர் கிடைத்ததும் மற்ற விவரமெல்லாம் தானாக வந்து விழுந்தது: இதன் புழு கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் சாப்பிடும், அந்தச் செடிகளில் இருக்கிற நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும், வளர்ந்து இறக்கை முளைத்த பிறகும் அந்த நஞ்சு கூடவே இருக்கும், அதனால்தான் ஒளிந்துகொள்ளாமல் இவ்வளவு பளிச்சென்று உட்காரும் தைரியம். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலி மனைக்குப் போய்ப் பார்த்தேன். மனை முழுக்கத் தேள்கொடுக்கு. பூக்காம்பு தேளின் வால் மாதிரி சுருண்டிருக்குமே, அந்தச் செடி. தினமும் தாண்டிப் போகிற இடம்.

எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்ததே அதுதான். ஒரு அந்துப்பூச்சியின் பெயர் கிடைத்தால் கூடவே ஒரு செடி கிடைக்கும். அந்தச் செடி எங்கே என்று தேடிப் போனால் தெருவில் இதுவரை கண்ணில் படாத ஒரு மூலை கிடைக்கும். தலைகீழாகவும் நடக்கும், செடியில் ஆரம்பித்துப் பூச்சியில் முடியும். வாசலில் நந்தியாவட்டை இருக்கிறவர்கள் ஒரு விஷயம் கவனித்துப் பாருங்கள். திடீரென்று ஒருநாள் செடியின் உச்சிக் கிளையில் இலையே இருக்காது, கீழே தரையில் மிளகு அளவுக்கு உருண்டை உருண்டையாக எச்சம் கிடக்கும். எச்சத்துக்கு நேர் மேலே பார்வையைக் கொண்டுபோனால் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு இருக்கும், ஆனால் சட்டென்று தெரியாது, அதைக் கண்டுபிடிக்கிற அந்தச் சில நிமிடங்கள்தான் விளையாட்டே. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்துப் பக்கம் இருக்கிற இரண்டு நீலக் கண் புள்ளிகளைக் காட்டிப் பயமுறுத்தும். நிஜக் கண் இல்லை, வெறும் சாயம். நன்றாக வளர்ந்த பிறகு பச்சை மாறிப் பழுப்பாகி, செடியை விட்டு இறங்கிச் சருகுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். அதிலிருந்து வருவது டாஃப்னிஸ் நீரியை, பச்சையிலேயே நாலைந்து பச்சை, நடுவில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஓட, பட்டுப்புடவைக் கடைக்காரர் பார்த்தால் விடமாட்டார். அரளியிலும் வளரும். எங்கள் தெருவில் நந்தியாவட்டை இல்லாத வீடு குறைவு, பிள்ளையாருக்குப் பூ வேண்டுமே, அதனால் இந்தப் புழுவுக்கும் குறைவில்லை. ஆனால் இது இருக்கிறது என்று தெரிந்த வீடு எங்கள் தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான்.

பெரிய பூச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். யார் வீட்டிலாவது அட்லஸ் அந்துப்பூச்சி வந்தால் போதும், அடுத்த நாள் செய்தியில் 'அபூர்வ ராட்சதப் பட்டாம்பூச்சி' என்று வந்துவிடும், பொதுமக்கள் ஆர்வத்துடன் பார்த்துச் சென்றனர் என்று கடைசி வரி. நம் மலைப்பக்கம் இருக்கிற வகை அட்டாகஸ் டாப்ரோபேனிஸ், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் உண்டு. இறக்கை விரித்தால் ஒரு ஜாண் பக்கம் வரும், இறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி வளைந்திருக்கும், அழகுதான், மறுக்கவில்லை. அதற்கு உபயோகமான வாயே கிடையாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாட்கள் ஓட்டி, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். வெளிர்பச்சையில் நீண்ட வாலோடு வரும் நிலா அந்துப்பூச்சி, ஆக்டியாஸ் செலீனி, அதுவும் இதே கதை. அதன் புழு வேலிக்கு நட்ட ஒதியமரத்திலேயே வளரும் என்பது தெரிந்தபோது எனக்கு ஒதியமரத்தின் மேல் இருந்த அபிப்பிராயமே மாறிவிட்டது. சரி, பார்த்தால் சந்தோஷம்தான், ஆனால் இவற்றில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. தேடல் முடிந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. எனக்குப் பழுப்பில் பழுப்பாக, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, நகத்தை விடச் சின்னதாக, "என்னைக் கண்டுபிடி பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பவைதான் இஷ்டம்.

டியூப்லைட் சுவர் போதாமல் ஆனபோது வேட்டி கட்டத் தொடங்கினேன். இடுப்பில் இல்லை, மொட்டைமாடியில், கொடிக்கயிற்றில். எட்டு முழம் வெள்ளை வேட்டி இந்த வேலைக்கென்றே நெய்த மாதிரி இருக்கும், கரை மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். முன்னால் ஒரு விளக்கு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் புற ஊதா ஒளி கிட்டத்தட்ட இல்லை. 160 வாட் மெர்குரி பல்பு இருந்தால் அமோகம், ஆனால் நெருப்பாகச் சூடாகும், அந்தச் சூட்டில் ஒரு மழைத்துளி பட்டால் கண்ணாடி வெடித்துவிடும், சாரல் ஊரில் இருப்பவன் அதை நம்பி மாடி ஏற முடியாது. ஹோட்டல்களில் ஈ அடிக்க நீல விளக்கு வைத்திருப்பார்களே, அதில் போடும் டியூப் எலக்ட்ரிக் கடையில் தனியாகவே கிடைக்கும், அதை ஒரு சாதாரண டியூப்லைட் பட்டியில் மாட்டினால் போதும். நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு நல்லதில்லை.

உலகம் முழுக்க ஜூலை கடைசியில் தேசிய அந்துப்பூச்சி வாரம் என்று கொண்டாடுகிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, இப்போது இந்தியாவிலும் நிறையப் பேர் விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம், ஆனால் தேதி குறித்தவர்கள் தென்காசியைக் கேட்டிருக்கலாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், வேட்டி எம்மாத்திரம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் ஒருமுறை கட்டி வைத்த வேட்டி கயிற்றோடு பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாமாவின் தண்ணீர்த் தொட்டி மேல் போய் விழுந்தது. காலையில் அவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என்னடே, ராத்திரி வேட்டிக்கு லைட்டு போட்டுக் காயப்போடுற?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "சரி, அடுத்தவாட்டி நல்லா இறுக்கிக் கட்டு" என்றார், அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் உண்மையான அந்துப்பூச்சி வாரம் ஐப்பசியில், முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்து, காற்றே இல்லாமல் புழுக்கமாக இருக்கிற, அமாவாசையை ஒட்டிய ராத்திரிகள். பௌர்ணமிக்கு மாடி ஏறுவது வீண். மற்ற எல்லாம் கூடி வந்தால் ஒரு மணி நேரத்தில் வேட்டியில் வெள்ளையே தெரியாது.

அவை ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு விட்டில் ஆசையில் போய் விழுகிறது என்றுதான் நம் ஆட்கள் காலம் காலமாகப் பாட்டிலும் பழமொழியிலும் சொல்லி வந்திருக்கிறார்கள். 2024-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது, அதிவேக கேமராவில் படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆசையெல்லாம் இல்லை. இரவில் வானம் தரையை விட வெளிச்சமாக இருக்கும், அதனால் பறக்கும்போது வெளிச்சம் இருக்கிற பக்கம் முதுகைத் திருப்பி வைத்துக்கொண்டால் தலைகீழாகாமல் பறக்கலாம், பூச்சிகள் கோடிக்கணக்கான வருடமாகச் செய்வது இதைத்தான். நாம் குறுக்கே ஒரு பல்பை வைத்துவிட்டோம். பல்பின் பக்கமாக முதுகைத் திருப்பித் திருப்பி அதையே சுற்றிச் சுற்றி வர வேண்டியதாகிவிடுகிறது, விளக்குக்கு மேலே போனால் தலைகுப்புறக் கவிழ்ந்து விழுகிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு, அதனால் படமெடுத்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுவேன், விடியும்வரை எரியவிடுவதில்லை. விட்டால் காலையில் கரிச்சான் வந்து ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றுவிடும், அது இன்னொரு காரணம்.

இனி அடையாளம் காண்பது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், நிறம் கடைசி. முதலில் பார்க்க வேண்டியது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை. இறக்கையைச் சுவரில் அப்பிய மாதிரி முழுக்க விரித்து உட்கார்ந்தால் பெரும்பாலும் ஜியோமெட்ரிட் குடும்பம், அதன் புழுக்கள்தான் அளந்து அளந்து நடப்பவை. ஜெட் விமானம் மாதிரி இறக்கையைப் பின்னால் தள்ளி, உருண்ட உடம்போடு உட்கார்ந்தால் பருந்து அந்துப்பூச்சிகள், மேலே சொன்ன நந்தியாவட்டைக்காரர் அந்த வம்சம். கூரை மாதிரி இறக்கையை மடித்திருந்தால் வெட்டுப்புழு, காய்ப்புழு வகையறா. ஆங்கில 'T' எழுத்து மாதிரி, இறக்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் குச்சியாக நின்றால் இறகு அந்துப்பூச்சி, அதைப் பார்த்துக் கொசு என்று அடித்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த ஒரு பார்வையிலேயே பத்தாயிரம் சில நூறாகக் குறைந்துவிடும். அப்புறம் உணர்கொம்பு, சீப்பு மாதிரியா நூல் மாதிரியா. அப்புறம் முன் இறக்கையில் குறுக்கே ஓடும் கோடுகள் எத்தனை, நேரா வளைவா, நடுவில் ஒரு வட்டமும் ஒரு அவரை விதை வடிவமும் இருக்கிறதா. பின் இறக்கை தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் அன்றைக்கு லாட்டரி, ஏனென்றால் மேலே சருகு மாதிரி இருப்பவை பல உள்ளே ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று ஒளித்து வைத்திருக்கும்.

போனில் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இருக்கிறது, படத்தைக் கொடுத்தால் இதுவாக இருக்கலாம் என்று சொல்லும். குடும்பம் வரை நன்றாகவே கொண்டுபோய்விடும். அதற்குக் கீழே போகப் போக, இங்கே இல்லாத ஊர்ப் பூச்சிகளைக் கூடச் சில நேரம் நீட்டும். அங்கே படத்தைப் போட்டால் எங்கோ ஒரு மூலையில் இருந்து விஷயம் தெரிந்தவர் ஒருவர் நடுராத்திரியில் வந்து திருத்திவிட்டுப் போவார், நன்றி சொன்னால் பதில்கூட இருக்காது, இந்த மாதிரி ஆட்களால்தான் இந்த உலகம் ஓடுகிறது. அதன் பிறகு மாத்ஸ் ஆஃப் இந்தியா (Moths of India) இணையத்தளத்தில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இன்னும் பிடி கிடைக்கவில்லை என்றால் ஹாம்ப்சன்.

ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஆங்கிலேயர். வந்த இடத்தில் அந்துப்பூச்சிப் பைத்தியம் பிடித்து, லண்டனுக்குத் திரும்பிப் போய் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துவிட்டார். 1891-ல் நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதினார், அப்புறம் 1892-லிருந்து 1896-க்குள் பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகள் என்று தடித்தடியாக நாலு தொகுதிகள். இவ்வளவு காலம் கழித்தும் அதைப் புரட்டாமல் முடியவில்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெயர்கள் நிறைய மாறிவிட்டன, குடும்பங்களையே பிரித்துச் சேர்த்துவிட்டார்கள், அது பரவாயில்லை. கஷ்டம் என்னவென்றால் அவர் ஒவ்வொன்றையும் இறக்கை நரம்பை வைத்துப் பிரிப்பார், எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது என்று. ஊசியில் குத்திய மாதிரியை வைத்திருந்தவருக்கு அது சரி. நம்மிடம் இருப்பது உயிரோடு உட்கார்ந்து செதிலால் மூடிக்கொண்டிருக்கிற பூச்சியின் படம், நரம்பு எங்கே தெரியும்? இருந்தாலும் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதியிருப்பதில் 'நீலகிரி' என்று வரும்போது ஒரு சின்ன குஷி. நூறு வருடத்துக்கு முந்தைய மனிதர் குன்னூர்க் குளிரில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது கண் முன்னால் வந்துவிடும், அவர் அப்படித்தான் நின்றாரா என்பதெல்லாம் என் கற்பனை.

இத்தனைக்கும் பிறகு பாதிக்குமேல் பேரினத்தோடு நின்றுவிடும். வேறு வழியில்லை, சிலவற்றை இனப்பெருக்க உறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டும்தான் பிரிக்க முடியும். என் முதல் யூடெதீசாவே லோட்ரிக்ஸ் என்ற இனமா புல்கெலாய்டிஸ் என்ற இனமா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்வது சிரமம். முதலில் இது எரிச்சலாக இருந்தது, இப்போது இல்லை. மீதி இருப்பது நல்லதுதானே, நாளைக்கு வேலை வேண்டாமா.

விவசாயிகளுக்கு அந்துப்பூச்சி தெரியாது என்று நினைத்தால் அது தப்பு. போன பிசான நெல் பருவத்தில் சித்தப்பா வயலில் விளக்கு வைத்தோம், நெல் நட்டுக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வெளிறிய மஞ்சளில், முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கறுப்புப் பொட்டோடு ஒரு பூச்சி வந்து வந்து உட்கார்ந்தது. நான் பெருமையாக, "சித்தப்பா, இது ஸ்கிர்போஃபேகா இன்செர்டுலாஸ், பொட்டு இருந்தா பொம்பளைப் பூச்சி" என்றேன். அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "குருத்துப்பூச்சிலே இது. இது வந்தா அடுத்து வெண்கதிரு வரும்" என்றார். அத்தோடு விடவில்லை. "நாத்து நுனியக் கிள்ளிட்டு நடுறோமே, அது எதுக்குன்னு நெனச்ச? முட்டைய இலை நுனியிலதான் வைக்கும், மேல மயிரப் போட்டு மூடி. கிள்ளி எறிஞ்சா பாதி சோலி முடிஞ்சுது." எனக்குப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவருக்கு அதன் வீட்டு விலாசம், குடும்ப விவரம், வம்சத்தை அறுக்கும் வழி எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு வயல் வரப்பிலேயே உட்கார்ந்து இலைச்சுருட்டுப்புழு, ஆமணக்குக் காவடிப்புழு, பச்சைக் காய்ப்புழு என்று அவர் சொல்லச் சொல்ல நான் போனில் அவற்றின் வளர்ந்த பூச்சிகளைத் தேடிக் காட்டினேன். புழுவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர், அது பறக்கிற உருவத்தைப் பார்த்து, "இம்புட்டு அழகாவா இருக்கு கழுத" என்றார். 2018-ல் நாட்டுக்குள் வந்து மக்காச்சோளத்தை மேய்ந்த அமெரிக்கப் படைப்புழுவைக் காட்டியபோது மட்டும் அழகு என்று சொல்லவில்லை.

விளக்குக்கு வராத ஆட்களும் உண்டு, அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு (கள் கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம், கிடைத்தால் அதை ஏன் பூச்சிக்கு ஊற்ற வேண்டும் என்று கேட்கிற நண்பர்களும் எனக்கு உண்டு), பொழுது சாய்கிற நேரத்தில் மாமரத்துத் தண்டில் பூசிவைத்தேன். எட்டு மணிக்கு டார்ச்சோடு போனால் எரிபஸ் மேக்ரோப்ஸ், கையகலத்துக்கு ஒரு கரும்பழுப்பு, முன் இறக்கையில் ஆந்தைக் கண் மாதிரி ஒரு வட்டம். பகலில் வீட்டுக்குள் வந்து இருட்டு மூலையில் ஒட்டிக்கொண்டு எல்லோரையும் அலறவைக்குமே, அதேதான். பக்கத்தில் யூடோசிமா. அது உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த இலை, சத்தியமாக இலைதான், நரம்புகூட இருக்கும். அசைந்தால் உள்ளே ஆரஞ்சும் கறுப்புமாகப் பின் இறக்கை. மற்ற பூச்சிகளின் உறிஞ்சுகுழல் மெல்லிசாக இருக்கும், இதற்கு நுனியில் முள்ளோடு கெட்டியாக இருக்கும், மாதுளையையும் எலுமிச்சையையும் தோலோடு குத்திச் சாறு குடிக்கும். பழம் வெளியே நன்றாக இருந்து ஒரு பொட்டு ஓட்டையில் அழுக ஆரம்பித்தால் இவர் வந்துபோயிருக்கலாம். இதன் புழு எங்கே வளர்கிறது என்று தேடினால் சீந்தில்கொடியில். எங்கள் வேலியில் சர்க்கரைக்கு நல்லது என்று அப்பா ஆசையாக வளர்க்கிற அதே சீந்தில். ஆக, மாதுளையைக் குத்துகிற கூட்டத்துக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததே நாங்கள்தான்.

எள்ளுக்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொருவரைத் தெரிந்திருக்கும், முதுகில் மண்டையோடு போட்ட அகெரோன்ஷியா ஸ்டிக்ஸ். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும், பிடித்தால் கீச்சென்று கத்தும். பூச்சி கத்துமா என்று நம்பாதவர்கள் ஒருமுறை கேட்டால் போதும். சத்தம் என்றதும் இன்னொன்று, வேட்டியைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும்போது சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். சிலது பொத்தென்று கீழே விழும், சிலது திசை மாறிச் சிதறும். நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலி சாவிக்கொத்தில் இருக்கிறது, அவை அதை வௌவால் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கின்றன. வீட்டுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால் அதன் பிறகு செல்போன் கேட்க மாட்டார்கள். அடிக்கடி செய்யாதீர்கள், பாவம்.

இப்போதைக்கு வீட்டில் நடக்கிற பெரிய விவகாரம் முருங்கைக் கம்பளிப்பூச்சி. மழை விட்டதும் முருங்கைத் தண்டில் கொத்தாக, அடர்த்தியாக, மரப்பட்டையே மூச்சு விடுகிற மாதிரி கூடி உட்கார்ந்திருக்குமே, பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். அதன் ரோமம் பட்டால் நாள் முழுக்க அரிப்புதான். வழக்கமாக அம்மா குச்சியில் துணியைச் சுற்றிப் பந்தம் கொளுத்திக் கருக்கிவிடுவாள், ஊரே அதைத்தான் செய்யும். இது வளர்ந்து என்னவாகிறது என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை, கம்பளிப்பூச்சியோடு எல்லோருக்கும் கதை முடிந்துவிடுகிறது. நான் ஒரு கொத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி மன்றாடி, இடுக்கியால் சிலவற்றை எடுத்து, அடியில் மண் போட்ட பெயிண்ட் டப்பாவில் வலை கட்டி முருங்கைக்கீரை போட்டு வளர்த்தேன். மரத்தில் விட்டுவைத்த கொத்து இன்னும் பெரிதாகிக் கிளைக்கெல்லாம் ஏறிவிட்டதால் கீரை பறிக்க யாரும் கிட்டே போக முடியவில்லை. டப்பாவில் இருந்தவை மண்ணுக்குள் போய் அடங்கின. நாளாக ஆக எனக்கே நம்பிக்கை போய், டப்பாவைத் திண்ணை மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

ஒரு மழைக்கு மறுநாள் வலைக்குள் படபடவென்று சத்தம். பெரியதாக, மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பில், இறக்கையில் லேசாக ஓரிரு கோடுகளைத் தவிர வேறு ஒரு அலங்காரமும் இல்லாமல் ஒன்று வந்திருந்தது. யூப்டிரோட் மாலிஃபெரா. இதே பூச்சியை எத்தனையோ முறை குளியலறைச் சுவரில் பார்த்துப் படமெடுத்து, பெயர் பிடிபடாமல் போனில் தூங்கவிட்டிருக்கிறேன். புழு எது, செடி எது, பூச்சி எது என்று மூன்றும் ஒரே டப்பாவில் ஒன்றாகப் பொருந்தியதில் எனக்குக் கை நடுங்கிவிட்டது, படம்கூட இரண்டு மங்கல். அடுப்படியில் இருந்த அம்மாவை இழுத்துக்கொண்டுவந்து காட்டினேன்.

உற்றுப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏ ஐயா, இந்தச் சாணிக்கலர் பூச்சிக்காகவா இத்தன நாளு என்னய முருங்கைக்கீரை பறிக்க விடல?"

அடுத்த மழைக்குப் பந்தம்தான் என்று சொல்லிவிட்டாள். கொளுத்துவதற்கு முன்னால் டப்பாவுக்கு நாலு எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு.